பாதியில் நின்ற பியானோ உருப்படிகளை முடிப்பது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவயதில் எழுதிப் பாதியில் விட்ட பியானோ உருப்படிகளைப் பல வருடம் கழித்து எடுத்து முடிக்கும் இசையமைப்பாளர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு மறுப்பாகச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். புதிதாக எதுவும் தோன்றாதவர்கள்தான் பழைய நோட்டைத் தூசி தட்டுவார்கள் என்பது அவர் கருத்து. கீபோர்டும் பியானோவும் கற்றுத்தரும் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் கீபோர்டை உறை போட்டு மூடிவிட்டு, படித்து, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்து, முப்பது வயதுக்கு மேல் அந்த உறையை மறுபடி பிரிக்கிறவர்கள் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நோட்டைத் திரும்பப் பரணில் போட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வரலாறு. ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் மாணவராக இருந்தபோது, 1907-ல், எழுதிய ஒரு சொனாட்டாவை 1917-ல் எடுத்துத் திருத்தி மூன்றாவது சொனாட்டாவாக்கினார். நான்காவதும் அப்படியே 1908-ஆம் வருடத்துச் சரக்கிலிருந்து 1917-ல் உருவானது. இரண்டுக்கும் 'பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து' என்று அவரே துணைத்தலைப்பு கொடுத்தார், மறைக்கவில்லை. புதிதாகத் தோன்றாத வருடமா அது? அவருடைய முதல் சிம்பொனியும் முதல் வயலின் கான்செர்ட்டோவும் முடிந்தது அதே 1917-ல்தான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் வாசிக்க ஆசைப்படும் 'கிளேர் டி லூன்' டெபுஸ்ஸி 1890 வாக்கில் தொடங்கிய ஒரு தொகுப்பில் உள்ளது. அந்தத் தொகுப்பு திருத்தப்பட்டு அச்சானது 1905-ல். இடையில் 'கிளேர் டி லூன்' என்ற உருப்படியின் பெயர்கூட மாறியது. முதலில் அதற்கு 'ப்ரோமெனாட் சென்டிமென்டால்' என்று பெயர். அதே தொகுப்பின் கடைசி உருப்படியான 'பாஸ்பியே' முதலில் 'பவான்' என்றுதான் இருந்தது. பதினைந்து வருடம் கிடந்த நோட்டு அது.

லிஸ்ட் பதினைந்து வயதில், 1826-ல், 48 பயிற்சிகள் எழுதுவதாகத் திட்டமிட்டு 12 எழுதினார். 1837-ல் அவற்றில் பெரும்பாலானவற்றை யாராலும் எளிதில் வாசிக்க முடியாத அளவுக்குப் பெரிதாக்கினார். 1851-ல் மூன்றாம் முறை எடுத்து, தேவையில்லாத பளுவைக் குறைத்தார். பத்தாம் ஸ்வரத்தைத் தாண்டிக் கை விரிய வேண்டிய இடங்களை எடுத்துவிட்டார். இன்று மேடைகளில் கேட்பது இந்த மூன்றாவது வடிவம். நாற்பதை எட்டிய லிஸ்ட் செய்த திருத்தத்தில் பெரும்பகுதி கூட்டல் அல்ல, கழித்தல். நோட்டைத் திறப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது.

பிராம்ஸும் அப்படித்தான். பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான முதல் ட்ரியோவை இருபது வயதில், 1854-ல், முடித்தார். 35 வருடம் கழித்து 1889-ல் திரும்பி வந்தபோது முதல் பகுதியின் தொடக்க மெட்டைத் தொடவில்லை. இரண்டாவது மெட்டைத் தூக்கிவிட்டு வேறு எழுதினார். ஸ்கெர்ட்ஸோ என்ற துள்ளலான இரண்டாம் பகுதியை அதன் முடிவு தவிர அநேகமாக அப்படியே விட்டார். மொத்த நீளம் வெகுவாகக் குறைந்தது. எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று பகுதி பகுதியாகப் பார்த்து அவர் எடுத்த முடிவு அது. பழைய வடிவம் ஏற்கனவே அச்சாகியிருந்ததால் அழியவில்லை; இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடப்புத்தகம் எங்களுக்குத் தெரிந்து கிடையாது.

சரி, நம் ஊர் நோட்டுக்கு வருவோம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதியவை ஸ்டாஃப் நோட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டு இசைக் குறிமுறையில், இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் 'இ ஜி ஏ ஜி இ டி' என்று ஸ்வரங்களின் ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்கும்; இல்லையென்றால் ச ரி க ம. எந்த ஸ்வரம் என்று தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாளத்தை மீட்க மூன்று தடயங்கள் உண்டு. எழுத்துகளுக்கு நடுவே விட்ட இடைவெளியை முதலில் பாருங்கள். பிள்ளைகள் நீளமான ஸ்வரத்துக்குப் பின் தங்களை அறியாமலே அதிக இடம் விடுவார்கள். அடுத்தது வரி முறிவு. மூச்சு விடும் இடத்தில்தான் அநேகமாக அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். மூன்றாவது உங்கள் கை. நோட்டைப் பார்க்காமல், கண்ணை மூடி, முதல் வரியை வேகமாக வாசித்துப் பாருங்கள். மூளை மறந்ததை விரல் வைத்திருக்கும். அந்த முதல் வாசிப்பைக் கட்டாயம் போனில் பதிவு செய்யுங்கள். பத்துத் தடவை வாசித்த பிறகு பழைய தாளமும் இன்றைய ஊகமும் கலந்துவிடும், பிரிக்க முடியாது.

பென்சிலில் எழுதி அழித்த இடங்களை விட்டுவிட வேண்டாம். விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்தில் வைத்து போட்டோ எடுத்தால் அழித்த எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். ஒரு வரியில் 'ஏ' என்று எழுதி அழித்து, மேலே 'பி' எழுதி அதையும் அழித்து, மறுபடி 'ஏ' என்று அழுத்தி எழுதியிருந்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த ஒரு ஸ்வரத்துக்காக எவ்வளவு யோசித்திருக்கிறது என்று புரியும். அந்த ஸ்வரத்தை நாம் மாற்றக் கூடாது.

கேசட்டில் பதிவு இருந்தால் சுருதியை நம்பாதீர்கள். கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டியது. 6 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். பேட்டரி இறங்கிய டேப் ரிக்கார்டரில் பதிவு செய்திருந்தால் அன்று நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று நல்ல டெக்கில் போடும்போது வேகமாகவும் சுருதி கூடியும் கேட்கும். அதை வைத்து 'நான் அப்போது இவ்வளவு வேகமாக வாசித்தேனே' என்று மலைத்துப் போகிறவர்கள் உண்டு. பல வருடம் கிடந்த கேசட்டை உடனே பிளே செய்யாமல், ஒருமுறை கடைசிவரை முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றிவிட்டு, டெக்கின் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, அதன்பின் போடுங்கள். முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு மயக்கம், அதே கட்டைகளை வாசித்தபடியே சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனால் வருவது. கருப்புக் கட்டைகளைத் தவிர்க்க எல்லாவற்றையும் சி மேஜரில் வாசித்து, பட்டனை இரண்டோ மூன்றோ தள்ளி வைத்திருப்பார்கள். நோட்டில் சி, பதிவில் டி அல்லது இ ஃபிளாட் (இ-க்கு அரை ஸ்வரம் கீழே). நோட்டுத் தவறும் இல்லை, பதிவுத் தவறும் இல்லை. எந்த சுருதியில் முடிப்பது என்பதற்குக் காதில் விழுந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ரசித்து எழுதியது அந்த ஒலியைத்தான். ஆனால் டி-யிலும் இ ஃபிளாட்டிலும் விரலமைப்பு வேறு. சி-யில் சுலபமாக இருந்த ஓட்டம் அங்கே கட்டைவிரல் கருப்புக் கட்டையில் விழும்படி வரலாம். அப்போது விரலமைப்பை மாற்றுங்கள், ஸ்வரத்தை மாற்றாதீர்கள்.

அடுத்ததுதான் முக்கியமானது: உருப்படி ஏன் நின்றது?

பரீட்சை வந்தது, வீடு மாறினோம் என்று காரணம் சொல்வார்கள். அது வெளிக்காரணம். நின்ற இடத்தைப் பார்த்தால் இசைக்குள்ளேயே ஒரு காரணம் அநேகமாக இருக்கும், அதுவும் நின்ற பாரில் (பார் என்பது இரண்டு தாளக் கோடுகளுக்கு நடுவிலுள்ள கட்டம்) இருக்காது, எட்டுப் பத்து பார் முன்னால் இருக்கும். ஆகவே பென்சிலை எடுக்காமல் ஒரு வாரம் வாசித்து மட்டும் பாருங்கள். பார்களுக்கு எண் போடுங்கள். மெட்டின் உச்ச ஸ்வரம் எந்த பாரில் வருகிறது என்று குறியுங்கள். 20 பாரில் நின்ற பீஸில் உச்சம் 5-வது பாரிலேயே வந்திருந்தால், பிறகு ஏறுவதற்கு இடமே இல்லாமல் போயிருக்கும். முடிவு எழுதினாலும் அது தேங்கும். மருந்து முன்னால்தான்: 5-வது பாரின் உச்சத்தை ஒரு ஸ்வரம் இறக்கிவிட்டு, பழைய உச்சத்தை 20-க்குப் பிறகு எழுதப்போகும் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் போதும், பீஸ் நகர ஆரம்பித்துவிடும்.

வேறு சுருதிக்குப் போய்த் திரும்பத் தெரியாமல் நின்றவையும் உண்டு. சி மேஜரில் தொடங்கி இ மேஜருக்குப் பாய்ந்திருப்பார்கள், அழகாக இருக்கும், அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். திரும்பும் வழி கைக்குள்ளேயே இருக்கிறது. இ, ஜி ஷார்ப், பி என்ற கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) இ-யை அப்படியே பிடித்துக்கொண்டு, ஜி ஷார்ப்பை ஜி-க்கு இறக்கி, பி-யை சி-க்கு ஏற்றினால் சி மேஜர் வந்துவிட்டது. இரண்டு விரல் அரை ஸ்வரம் நகர்ந்தால் ஆயிற்று. இதற்குப் பதினாறு பார் பாலம் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நம் பிள்ளைகளின் பீஸ்களில் மிக அதிகமாக வரும் சிக்கல், வெளிநாட்டுப் புத்தகங்களில் பேசப்படாத ஒன்று. மெட்டு ராகத்திலிருந்து வந்திருக்கும். இடது கை கார்ட் புத்தகத்திலிருந்து வந்திருக்கும். இரண்டும் சண்டை போட்டுத்தான் பீஸ் நின்றிருக்கும். சி-யை ஸட்ஜமாக வைத்து மோகனத்தை எடுத்துக்கொள்வோம்: சி, டி, இ, ஜி, ஏ. வலது கை இந்த ஐந்துக்குள் நடக்கிறது. இடது கையில் வழக்கம்போல் சி, எஃப், ஜி என்று மூன்று கார்ட். எஃப் கார்டில் மத்யமம் வந்துவிட்டது, ஜி கார்டில் பி என்ற நிஷாதம் வந்துவிட்டது. இரண்டும் மோகனத்தில் இல்லை. பத்து வயதுக் காதுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று தெரியாது. முடிவு கட்ட ஜி கார்டுக்குப் போகும்போதெல்லாம் மெட்டு கசக்கும். அதனால்தான் முடிவே எழுதாமல் விட்டிருக்கும்.

மோகனத்தின் ஐந்து ஸ்வரத்துக்குள் முழுதாகக் கிடைக்கும் மூன்று ஸ்வர கார்ட் இரண்டே இரண்டு: சி மேஜரும் ஏ மைனரும். இவற்றோடு மூன்றாம் ஸ்வரம் இல்லாத ஜி-டி என்ற வெறும் ஐந்தாம் ஜோடியும், ஜி-சி-டி என்ற கூட்டும் உண்டு. இவை போதும். முடிவுக்கு ஒரு வழி: இடது கை ஏ மைனர், அடுத்து ஜி-யும் டி-யும் மட்டும், அடுத்து சி. வலது கையில் ரிஷபத்தைக் கடைசி பாரின் முதல் அடிவரை இழுத்துப் பிடித்து, பிறகு ஸட்ஜத்தில் இறக்குங்கள். பி தலைகாட்டாமலே பீஸ் முடிந்துவிடும். வாசித்துப் பாருங்கள், பல வருடம் திறந்து கிடந்த கதவு சாத்திக்கொள்வது காதுக்குத் தெரியும்.

ஹம்சத்வனியில் இந்தத் தொல்லை குறைவு. சி, டி, இ, ஜி, பி என்ற ஸ்வரங்களுக்குள் சி மேஜர், இ மைனர், ஜி மேஜர் மூன்றும் முழுதாகக் கிடைக்கும். ஜி கார்டோடு நான்காவதாக எஃப்-ஐச் சேர்த்து செவன்த் கார்ட் ஆக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும். கல்யாணியில் ஆபத்து வேறு மாதிரி. எஃப் ஷார்ப் இருப்பதால் டி மேஜர் கார்ட் இயல்பாக வரும். டி-யிலிருந்து ஜி-க்குப் போக கை துடிக்கும். போனால் காது ஜி-யையே ஸட்ஜம் என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றுதான். பீஸ் ஜி-யில் போய் உட்கார்ந்துவிடும், வீட்டுக்குத் திரும்பாது. அடியில் சி-யைத் தம்புரா போல விடாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் டி மேஜரை வைத்து, அங்கிருந்து நேரே சி மேஜருக்கு வந்தால் கல்யாணி கல்யாணியாகவே இருக்கும். ஸரளி வரிசையிலேயே எல்லாரும் கற்கும் மாயாமாளவகௌளையில் முழுமையான ஜி கார்டே கிடையாது. டி-க்குப் பதில் டி ஃபிளாட் நிற்கும். அங்கே டி ஃபிளாட் மேஜரிலிருந்து சி மேஜருக்கு அரை ஸ்வரம் இறங்குவதே முடிவு. இடது கை இறங்கும்போது வலது கை ஏறட்டும், நன்றாக இருக்கும். கீரவாணி பீஸ்கள் அநேகமாக முடிந்தே இருக்கும். ஹார்மோனிக் மைனரும் அதுவும் ஒன்று என்பதால் கார்ட் எல்லாம் சொன்னபடி கேட்கும்.

கமகத்தைப் பற்றி, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதைப் பற்றி, ஒரு வரி. பியானோவில் அது வராது. பழைய நோட்டில் ஸ்வரத்தின் மேல் நெளிகோடு போட்டிருந்தால், பெரியவர்களான பின் அந்த இடத்தில் நாலைந்து கிரேஸ் நோட்டை (முன்னால் சட்டென்று தொட்டுப் போகும் குட்டி ஸ்வரத்தை) குவிக்கத் தோன்றும். ஒன்று போதும்.

தாளத்திலும் இதே கதைதான். மாரியம்மன் திருவிழாவில் பம்பை கேட்டு வளர்ந்த பிள்ளை இடது கையில் அதை வாசிக்கப் பார்த்திருக்கும். ஆனால் நோட்டில் எல்லாவற்றுக்கும் பழக்கத்தில் நாலு அடி பார் கோடு. அழுத்தம் பாருக்குப் பார் நகர்ந்துகொண்டே போனால், எண்ணிப் பாருங்கள்: மூன்றும் நான்குமாக ஏழா, அல்லது மூன்று, மூன்று, இரண்டாக எட்டா? ஏழு என்றால் பார் கோட்டை அழித்து ஏழுக்குப் போடுங்கள். ஒரு ஸ்வரம்கூட மாறாமல், குழப்பமாகத் தெரிந்த பக்கம் தெளிவாகிவிடும்.

இனி வாத்தியம். பீஸ் எழுதப்பட்டது 61 கட்டை கீபோர்டில் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து ஆக்டேவ்தான் (ஒரு ஸ்வரத்திலிருந்து அதே ஸ்வரத்தின் அடுத்த ஸ்தாயிவரை ஓர் ஆக்டேவ்), நடுவிலுள்ள மிடில் சி-க்கு இரண்டு ஆக்டேவ் கீழே தொடங்கி மூன்று ஆக்டேவ் மேலே முடியும். 88 கட்டைப் பியானோவில் அதற்குக் கீழே 15 கட்டையும் மேலே 12 கட்டையும் கூடுதல். புதிதாக டிஜிட்டல் பியானோ வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியம் இடது கையை ஆக்டேவாக்கிக் கீழே இறக்குவது. அந்த கனத்தில் சின்ன மெட்டு முங்கிப் போகும். கூடுதல் கட்டைகளை முடிவின் ஒரே இடத்துக்கு என்று ஒதுக்கி வையுங்கள். அங்கே ஒருமுறை அடி சி ஒலித்தால் போதும்.

கீபோர்டின் ஸ்டைல், அதாவது தானாக ஓடும் தாளமும் பேஸும், பழைய பீஸின் பாதி வேலையைச் செய்திருக்கும். இடது கையில் கார்டைத் தொட்டால் மீதியை மெஷின் வாசித்திருக்கும். அதை நிறுத்திவிட்டு வாசித்தால் இடது கை மொட்டையாக நிற்கும். மெஷின் வாசித்ததையே எழுத்தில் இறக்காதீர்கள். அது டிரம், பேஸ், கிட்டார் மூன்றும் சேர்ந்த வேலை, ஒரு கைக்கு அடங்காது. பேஸ் ஸ்வரத்தை மட்டும் முதலில் எழுதுங்கள், பாருக்கு ஒன்றோ இரண்டோ. அதை வலது கையோடு வாசித்து, எங்கே வெறுமையாகக் கேட்கிறதோ அங்கே மட்டும் நடு ஸ்வரம் சேருங்கள். எல்லா பாரிலும் ஒரே மாதிரி உடைந்த கார்ட் ஓடவிட்டால் பதினாறாவது பாரில் காது தூங்கிவிடும்.

எடையில்லாத கட்டையில் ஒரே ஸ்வரத்தை ஒரே விரலால் கடகடவென்று தட்ட முடியும். பியானோவில் கட்டை மேலே வந்தால்தான் அடுத்த தட்டு. அந்த இடங்களில் 3-2-1 (நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல்) என்று விரல் மாற்றி வாசிக்கப் பழகுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் தட்டுகளைப் பாதியாக்குங்கள். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் பெடலும் அப்படியே. பழைய கீபோர்டில் பெடல் இருந்திராது. விரலால் பிடித்துத்தான் எழுதியிருப்பார்கள். முதலில் பெடலே இல்லாமல் முழுதும் வாசித்துவிட்டு, பிறகு இடது கை தாவும் இடங்களில் மட்டும் போடுங்கள்.

இப்போது முடிவை எழுதும் கட்டம். நின்ற பாரிலிருந்து தொடராதீர்கள். நான்கு பார் பின்னால் போய், அங்கிருந்து எழுதி வாருங்கள். நின்ற இடத்தில் ஒட்டினால் ஒட்டுத் தெரியும். பின்னால் போய் எழுதும்போது பழைய ஓட்டத்தின் வேகம் கையில் இருக்கும், அந்த வேகத்திலேயே எல்லையைத் தாண்டிவிடலாம். எழுதும் முன் ஒரு தாளில் பழைய பகுதியின் சொல்வளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்னென்ன கார்ட், என்னென்ன தாள அளவு, மிகக் கீழ் ஸ்வரம், மிக மேல் ஸ்வரம். பழையதில் வெறும் மூன்று ஸ்வர கார்ட்தான் என்றால் புதுப் பகுதியில் திடீரென்று ஐந்து ஸ்வர நைன்த் கார்ட் நுழையக் கூடாது. பதினைந்து வருடம் படித்ததையெல்லாம் எட்டு பாரில் காட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். புதிதாக ஒன்றே ஒன்றை அனுமதியுங்கள். நடுப்பகுதி வேண்டுமென்றால் தொடக்க மெட்டின் இரண்டு மூன்று ஸ்வரத்தை எடுத்துத் திருப்பியும் நீட்டியும் எழுதுங்கள். வெளியிலிருந்து புது மெட்டு கொண்டுவராதீர்கள்.

நீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலடி பாரில் 32 பார், நிமிடத்துக்கு 96 அடி வேகம் என்றால் 128 அடி, அதாவது 80 வினாடி. சின்ன மெட்டுக்கு இது தாராளம். அதை நாலு நிமிடமாக்கினால் மெட்டு தாங்காது. முடிவுப் பகுதிக்கு நான்கிலிருந்து எட்டு பார். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் எழுதிவைக்கும் வேகம் அவர்களே வாசித்த வேகத்தைவிட அநேகமாகக் கூடுதலாக இருக்கும்.

எதைத் திருத்துவது, எதை விடுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எல்லா வரியும் நாலு பார், ஒரு வரி மட்டும் ஐந்து பார் என்று இருக்கும். படித்த கை உடனே ஒரு பாரை வெட்டும். வெட்டும் முன் பாருங்கள்: அந்த வரி திரும்ப வரும்போதும் ஐந்து பார்தானா? இரண்டு முறையும் அப்படியே என்றால் அது எண்ணி எழுதியது, அந்தப் பிள்ளையின் குரல் அது, தொடாதீர்கள். ஒருமுறை மட்டும் என்றால் எண்ணிக்கை தவறியிருக்கலாம். அளவு மீறி வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ரக்மானினோஃபின் இரண்டாவது சொனாட்டா இருக்கிறது. 1913-ல் எழுதியதை 1931-ல் அவரே நிறைய வெட்டிச் சுருக்கினார். இன்றுவரை எந்த வடிவத்தை வாசிப்பது என்று பியானிஸ்டுகள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். பியானிஸ்ட் ஹோரோவிட்ஸ் ரக்மானினோஃபின் சம்மதத்தோடு இரண்டையும் கலந்து தனக்கென்று ஒரு வடிவம் வைத்துக்கொண்டார். 1913 வடிவம் அச்சில் இருந்ததால்தான் இந்தத் தேர்வுக்கே இடம் கிடைத்தது.

அதனால் பழைய நோட்டில் கை வைக்காதீர்கள். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியின்மேல் வேலை செய்யுங்கள். கணினியில் ஏற்ற மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வாசித்ததை மிடியாக (எந்தக் கட்டை, எப்போது என்ற குறிப்பாக) எடுத்துப் போட்டால் மிகச்சிறிய தாள அளவை நாலடி பாரின் எட்டாம் பங்கு என்று முதலில் வையுங்கள். பதினாறு என்று வைத்தால் உங்கள் விரல் தடுமாறிய இடமெல்லாம் குட்டிக் குட்டி மௌனமாக அச்சாகும். இரண்டு கையும் மிடில் சி-யில் பிரிந்து கிடக்கும், அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஜி ஷார்ப்பா ஏ ஃபிளாட்டா என்று மென்பொருள் ஊகிப்பதை நம்பாதீர்கள். மேலே ஏறும் ஸ்வரமா கீழே இறங்குவதா என்று பார்த்து நீங்களே எழுதுங்கள். தலைப்புக்குக் கீழே இரண்டு வருடத்தையும் போடுங்கள், தொடங்கியது, முடித்தது.

முடிக்காமலே விட்டுவிடலாம் என்று தோன்றும் உருப்படிகளும் உண்டு. அவற்றுக்கும் வழி இருக்கிறது. கிரீக் 1867-ல் வெளியிட்ட முதல் லிரிக் பீஸான 'அரியெட்டா'வின் மெட்டை 1901-ல், 66 உருப்படிகள் கொண்ட அந்த வரிசையின் கடைசி உருப்படியில், மூன்றடி வால்ட்ஸாகத் திரும்ப எழுதினார். பழையதைத் திருத்தவில்லை, பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். பூலே 1945-ல், இருபது வயதில், பியானோவுக்கு 12 துண்டு எழுதினார், ஒவ்வொன்றும் சரியாக 12 பார். அவற்றில் சிலவற்றைப் பல வருடம் கழித்துப் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்தார். பியானோத் துண்டுகள் பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன. பார்டோக் பிள்ளைகளுக்காக 1908, 1909-ல் எழுதிய 85 சிறு உருப்படிகளை 1943-ல் எடுத்துத் திருத்தி 79 ஆக்கினார். ஆறு போனது. எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை.

சென்ற வாரக் கடிதம் எழுதிய அன்பர் இவற்றில் ஒன்றையாவது இரண்டு வடிவத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். பிராம்ஸ் ட்ரியோ போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்து, பழைய நோட்டுகளைத் தங்கள் நாளிதழோடு சேர்த்துக் கட்டி எடைக்குப் போடும் வழக்கம் காவேரிப்பட்டணத்திலிருந்து பென்னாகரம்வரை எல்லா வீட்டிலும் உண்டு. மே மாதத்தில் ஒருநாள் உள்ளூர்ப் பக்கத்தில் சிறு குறிப்பாக இதைப் போட வேண்டும்: கட்டும் முன் கணக்கு ரஃப் நோட்டுகளின் கடைசி நாலு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சொல்லாகாத எழுத்துகள், சி, டி, இ, ஜி என்றோ ச, ரி, க, ப என்றோ வரிவரியாக, நடுவில் அழித்து எழுதியதாக இருந்தால், அந்த நோட்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். கேசட் உறையில் பால்பாயிண்ட் பேனாவால் பிள்ளையின் பெயரும் 'என் டியூன்' என்றும் எழுதியிருந்தால் அதையும்.

இப்படிக்கு,
கீபோர்டு, பியானோ ஆசிரியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி, தருமபுரி.